பழைய பாக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிட்னியில் எங்கள் கோயில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஏழெட்டுப் பேர். காலைத் தாங்கும் காலிபர் கருவி போட்ட காலோடு நிற்பதால் வரிசை என்றாலே எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். அந்த நேரம் பார்த்து, கையில் அட்டையும் அதில் செருகிய தாள்களுமாக ஒருவர் வந்தார். தெரிந்த மனிதர். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

"சார், ஒரு கையெழுத்து. மதப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறோம். நம்ம ஆட்களுக்கும் பாதுகாப்பு வேணும் இல்லையா?"

பேனாவை வாங்கிவிட்டேன். தாளைப் படித்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றேன். பேசினோம். அங்கே பாதிதான் சொல்ல முடிந்தது, பந்தியில் அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டுமே. மீதி இது.

முதலில் அவர் பக்க நியாயம். ஆஸ்திரேலியாவில் இனப் பாகுபாட்டுக்கு 1975 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. பாலினத்துக்கு 1984, உடல் குறைபாட்டுக்கு 1992, வயதுக்கு 2004. மதத்துக்கு மட்டும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. நாங்கள் இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் நிலைமை இன்னும் விசேஷம். இங்குள்ள 1977-ஆம் ஆண்டுச் சட்டம் 'இன-மதப் பின்னணி' என்று ஒன்றைச் சொல்கிறது. யூதர், சீக்கியர் என்றால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வெறுமனே இந்து என்றோ முஸ்லிம் என்றோ போய் நின்றால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையனை, நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு வந்து கவுன்டரில் நில் என்றார்கள். அழித்துவிட்டுத்தான் நின்றான். இதற்கெல்லாம் சட்டம் வேண்டுமா என்றால், வேண்டும். அதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை.

என் சண்டை 2021 நவம்பர் 25 அன்று பிரதமராக இருந்த ஸ்காட் மோரிசன் நாடாளுமன்றத்தில் வைத்த அந்தக் குறிப்பிட்ட மசோதாவோடு. அதிலும் அதன் 12-ஆம் பிரிவோடு. அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்ல, கும்பகோணத்துக்குப் போய் வர வேண்டும்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. 1975. இடது கால் போனது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போவாள். வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் அடித்த கை, கால், கண் எல்லாம் விற்பார்கள். ஒரு கால் வாங்கி உண்டியலில் போடுவாள். விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் ஐந்து விரலுக்கும் கோடு கீறியிருக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்த வயதில், அது வலது காலா இடது காலா என்று கடைக்காரரிடம் கேட்டேன். எந்தக் காலுக்கும் ஆகும் என்றார். எனக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. வழி முழுக்க அம்மாவிடம், சாமி தப்பான காலைச் சரி பண்ணிவிட்டால் என்ன செய்வது என்று நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

ஒருமுறை பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என் காலைத் தடவிக் கொடுத்துவிட்டு, "போன ஜென்மத்துல எந்தப் பசுமாட்டை எட்டி உதைச்சானோ, பாவம்" என்றாள். திட்டவில்லை. உண்மையிலேயே பரிதாபப்பட்டாள். மடியிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். அம்மா அந்தப் பழத்தை வாங்கி ஜன்னல் வழியே வெளியே போட்டாள். வயதான ஒருத்தரை அம்மா அவமதித்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அத்தனைக்கும் அவளுக்கும் வினையில் நம்பிக்கை உண்டு. சாகும்வரை உண்டு.

அப்புறம் சிட்னி. 2004-ல் வந்தேன். முதல் வேலை ஒரு சின்ன நிறுவனத்தில், கணக்குப் பிரிவில். மேலாளரும் தமிழர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நல்ல மனிதர் என்றே இப்போதும் சொல்வேன். வாடகை வீட்டுக்கு எனக்காகச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அவர்தான். ஒருநாள் மதியம், ஆபீஸ் மைக்ரோவேவில் என் புளியோதரை சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. இதெல்லாம் பிராரப்தம். பழைய பாக்கி. இந்த ஜென்மத்தோட கணக்கு நேராயிடும். மனசைத் தளர விடாதீங்க."

கணக்கர் கணக்கரிடம் சொன்னது. சரி சார் என்றேன். மைக்ரோவேவ் மணி அடித்தது. அன்று புளியோதரை என்ன ருசி என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கிடங்குகளுக்குப் போய்ச் சரக்கு எண்ணும் வேலைக்கு என்னை அனுப்புவது நின்றது. "எதுக்கு உங்களை அலைய வைக்கணும்?" என்றார். அலைந்தவர்கள்தான் வாடிக்கையாளர்களோடு பழகினார்கள், பழகியவர்கள்தான் மேலே போனார்கள். நான் இரண்டு வருடம் ஒரே நாற்காலியில் இருந்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டேன். புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்பதே அப்போது தெரியாது.

இப்போது 12-ஆம் பிரிவுக்கு வருகிறேன். ஒருவர் தன் மதத்தின் போதனைக்கு ஒத்தது என்று மனதார எண்ணி, நல்லெண்ணத்தோடு, சொல்லாகவோ எழுத்தாகவோ ஒரு நம்பிக்கையை வெளியிட்டால், அந்தக் கூற்று தன்னளவில் பாகுபாடு ஆகாது என்றது அது. எந்தச் சட்டத்தின் கீழும் ஆகாது. மத்தியச் சட்டம், மாநிலச் சட்டம் இரண்டுக்கும் சேர்த்து. வன்மமாகப் பேசினால், மிரட்டினால், தொல்லை கொடுத்தால், வெறுப்பைத் தூண்டினால் பாதுகாப்பு இல்லை என்று விதிவிலக்கும் போட்டிருந்தார்கள்.

என் மேலாளரை இதில் நிறுத்திப் பாருங்கள். நல்லெண்ணமா? சத்தியமாக. மதபோதனைக்கு ஒத்ததா? எந்தக் கதாகாலட்சேபத்திலும் கேட்கலாம். வன்மமா, மிரட்டலா? துளியும் இல்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுகிறது. பஸ் பாட்டிக்கும் விழும். என்ன, பஸ் பேச்சு எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது, வேலையிடமும் பள்ளியும் கடையும் மருத்துவமனையும்தான் வரும்.

"சொல்லுக்குத்தானே பாதுகாப்பு, செயலுக்கு இல்லையே? உங்களைக் கிடங்குக்கு அனுப்பாமல் விட்டது அப்போதும் தப்புதானே?" என்று கையெழுத்து கேட்ட நண்பர் கேட்டார். சரியான கேள்வி. சட்டப்படி அவர் சொன்னதும் சரி. ஆனால் வேலையிடத்தில் நடக்கும் பாகுபாட்டில் செயல் எது என்று யாராவது தனியாகப் பிரித்துக் காட்டட்டும். என்னை அனுப்பவில்லை என்பதற்குத் தாளில் எந்தத் தடயமும் கிடையாது. வேறு ஆளை அனுப்பினார், அவ்வளவுதான். ஏன் அப்படி என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த மைக்ரோவேவ் பேச்சு. அதற்குக் குடை பிடித்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்?

இன்னொன்றும் உண்டு. கணக்குப் பார்க்கிறவன் என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். மாநிலத்தில் பாகுபாட்டுப் புகார் கொடுத்தால் தீர்ப்பாயத்தில் அதிகச் செலவில்லாமல், வக்கீல்கூட இல்லாமல் முடிக்கலாம். எதிராளி எழுந்து 'எனக்கு மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது' என்று சொன்னால், அதைத் தீர்க்கும் அதிகாரம் மாநிலத் தீர்ப்பாயத்துக்கு இருக்குமா என்பதே சந்தேகம். விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே மணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சட்டம் தெரிந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இந்த மசோதாவை எல்லாரும் தன்பாலீர்ப்பாளர் விவகாரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிறந்த இடம் அதுதான், மறுக்கவில்லை. 2017 தபால் வாக்கெடுப்பில் நாடு முழுக்க 61.6 சதவீதம் பேர் தன்பாலினத் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். எங்கள் மேற்கு சிட்னியோ எதிர்த்திசையில் போனது. பரமட்டா தொகுதியிலேயே இல்லை என்றவர்கள் 61.6 சதவீதம். அதே எண், தலைகீழாக. தோற்ற தரப்பைச் சமாதானப்படுத்த ஃபிலிப் ரட்டாக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 2018-ல் அறிக்கை வந்தது. அடுத்த வருடம் இஸ்ரேல் ஃபோலாவ் என்ற ரக்பி வீரர், தன்பாலீர்ப்பாளர்களுக்கு நரகம்தான் என்று இன்ஸ்டாகிராமில் போட்டு வேலையை இழந்தார். 2019 ஆகஸ்டில் முதல் வரைவு, டிசம்பரில் இரண்டாவது. ஆண்டு வருமானம் 5 கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர் பேசும் மதப் பேச்சைத் தடுப்பதைக் கடினமாக்க அதில் ஒரு ஷரத்து. அதற்கு ஃபோலாவ் பெயரையே வைத்துவிட்டார்கள். மருத்துவரும் செவிலியரும் மதக் காரணம் சொல்லி ஒரு சிகிச்சையிலிருந்து ஒதுங்குவதற்கும் ஒரு ஷரத்து. இரண்டையும் 2021-ல் எடுத்துவிட்டார்கள். 12-ஆம் பிரிவை விட்டுவைத்தார்கள்.

அந்தப் பிரிவு பெயர் சொல்லி ஓரங்கட்டப் பார்த்தது டாஸ்மேனியா மாநிலத்துப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை. பாலினம், இனம், உடல் குறைபாடு என்று ஒரு பட்டியலைச் சொல்லி, அவற்றை வைத்து ஒருவரை இழிவுபடுத்துவதையும் கேலி செய்வதையும் தடுக்கும் பிரிவு. நாட்டிலேயே எனக்குப் பிடித்த சட்டப் பிரிவு எது என்று யாராவது கேட்டால் (யாரும் கேட்க மாட்டார்கள்) இதைத்தான் சொல்வேன். 2015-ல் அந்த மாநிலத்தின் ஹோபார்ட் நகரக் கத்தோலிக்கப் பேராயர் மேல், தன்பாலினத் திருமணத்தை எதிர்த்த ஒரு கையேட்டுக்காக இதன் கீழ் புகார் போனது. அடுத்த வருடமே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த ஒரு புகாரைக் காட்டித்தான் இத்தனை வருடமும் இந்தப் பிரிவை உடைக்கப் பார்த்தார்கள். உடைத்திருந்தால் பேராயரோடு என் மேலாளர் மாதிரியான ஆட்களும் சேர்ந்துதான் தப்பித்திருப்பார்கள். மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் இதைக் கத்திக் கத்திச் சொன்னன. தொலைக்காட்சியில் வந்தது என்னவோ, மதப் பள்ளிகள் எந்த மாணவரை ஒதுக்கலாம் என்ற பள்ளிக்கூடச் சண்டை மட்டும்தான்.

நம் ஆட்களுக்குப் பாதுகாப்பு என்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி செவிலியர். 2008-ல் ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலைக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்தில், எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். சபைக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவேன் என்றாள். போதகரிடமிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், டீகூடக் கொடுத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அவர்கள் இல்லத்தில் அப்போது ஆள் பற்றாக்குறை வேறு.

அந்த மசோதா சட்டமாகியிருந்தால் இவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒன்றும் இல்லை. மத அமைப்புகள் நடத்தும் மருத்துவமனையும் முதியோர் இல்லமும், எழுத்தில் ஒரு கொள்கையை வெளியிட்டுவிட்டால், தங்கள் மதத்தவருக்கே வேலையில் முன்னுரிமை கொடுக்கலாம் என்று அதிலேயே இருந்தது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட இல்லங்களை யார் நடத்துகிறார்கள், யார் அதில் இரவுப் பணி பார்க்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கள் தெருவிலேயே நான்கு பேர் பார்க்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் இந்துக்கள் 2.7 சதவீதம். திருநீற்றுப் பையனுக்குக் கதவு திறந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். என் மனைவிக்கு அதே கதவில் சட்டப்படி ஒரு பூட்டும் விழுந்திருக்கும்.

2021 டிசம்பர் கடைசியில், ஆபீஸ் மூடியிருந்த அந்த வாரத்தில், விசாரணைக் குழுவுக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் தட்டினாள். வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மைக்ரோவேவ் பேச்சு வந்ததும் நின்றுவிட்டாள்.

"பிராரப்தம்னா என்னப்பா?"

சொன்னேன். போன பிறவியில் செய்தவற்றில், இந்தப் பிறவியில் அனுபவித்தே தீர வேண்டிய பங்கு.

"அப்போ அவர் உங்களைத் திட்டினாரா, ஆறுதல் சொன்னாரா?"

ஆறுதல்தான் என்றேன்.

"அப்புறம் ஏன் புகார் மாதிரி எழுதறோம்?"

கால் மணி நேரம் எனக்குப் பதில் வரவில்லை. காபி போட்டுக் குடித்தேன். கடைசியில், அவர் ஆறுதல் சொன்னது நான் தப்பு செய்தவன் என்று முடிவு கட்டிவிட்டு என்றேன். குற்றவாளியிடம் 'சீக்கிரம் தண்டனை முடிஞ்சுடும்' என்று சொல்வது மாதிரி. அவள் அதை அப்படியே தட்டினாள். பிராரப்தம் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டுவிட்டோம். கடன் என்று போட்டுப் பார்த்தாள், எனக்குப் பிடிக்கவில்லை. மொத்தம் ஒன்றேகால் பக்கம். யாராவது படித்தார்களா என்று தெரியாது.

2022 பிப்ரவரி 9 இரவு நாடாளுமன்றத்தின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபை விடிய விடிய உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். காலிபரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலை முக்காலியில் நீட்டி, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, கிரிக்கெட்டுக்குக்கூட நீங்கள் இப்படி விழித்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். விடிகாலையில் வாக்கெடுப்பு. பிரிட்ஜெட் ஆர்ச்சர், ட்ரென்ட் சிம்மர்மன், டேவ் ஷர்மா, ஃபியோனா மார்ட்டின், கேட்டி ஆலன் என்று ஆளும் லிபரல் கட்சியின் ஐந்து பேர் எழுந்து எதிர்வரிசைக்குப் போனார்கள். மதப் பள்ளிகள் தன்பாலீர்ப்பாளர், திருநர் மாணவர்களை ஒதுக்க வழி விடும், 1984 பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின் ஷரத்தை நீக்கும் திருத்தம் 65-க்கு 59 என்று நிறைவேறியது. அரசு திருநர் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு ஒரு திருத்தம் கொண்டுவரப் பார்த்தது. அதற்குத்தான் இந்தச் சூடு.

ஆனால் மூல மசோதா? 90-க்கு 6. எதிர்க்கட்சியான லேபர் கட்சியும் சேர்ந்தே ஆதரித்தது, 12-ஆம் பிரிவு உள்பட. நான் கைதட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை இந்தச் சட்டத்துக்காக வரிந்துகட்டிய ஆஸ்திரேலியன் கிறிஸ்டியன் லாபி, பள்ளிகள் தொடர்பான திருத்தம் சேர்ந்ததும், மசோதாவையே திரும்பப் பெறுங்கள் என்றது. அரசு அதை மேல்சபையான செனட்டுக்குக் கொண்டுபோகாமல் கிடப்பில் போட்டது. மே மாதம் தேர்தல், ஆட்சியே போய்விட்டது. பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகள் என்னைக் காப்பாற்றினார்கள் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். 12-ஆம் பிரிவை யாரும் தோற்கடிக்கவில்லை. அது வேறு ஒரு சண்டையின் புழுதியில் காணாமல் போனது.

லேபர் கட்சியின் அல்பனீசி அரசு வந்து, மதப் பள்ளிகளுக்கான விலக்கை ஆராயும் பொறுப்பைச் சட்டச் சீர்திருத்த ஆணையத்திடம் கொடுத்தது. 2024 மார்ச்சில் அறிக்கை வந்தது. மதப் பள்ளிகளுக்கு இருக்கும் அந்த விலக்கை எடுத்துவிடுங்கள் என்றது. இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் என்று பிரதமர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் கையை விரித்துவிட்டார். ஆக, திருநீற்றுப் பையனுக்கும் ஒன்றும் இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னபோது நண்பர், "அதனாலதான் சார் கையெழுத்து கேட்கறோம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் அவஸ்தை.

அவரிடம் நான் வைத்த நிபந்தனை இரண்டே வரி. மதத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலும் வீட்டு வாடகையிலும் ஒதுக்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் கேளுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். கூற்றுக்குப் பாதுகாப்பு என்ற பகுதியையும், மத அமைப்புகளின் வேலை முன்னுரிமையையும் அடித்துவிடுங்கள். 'முந்தைய மசோதாவை அப்படியே' என்று உங்கள் தாளில் இருக்கிறதே, அந்த அப்படியே என்ற சொல்தான் எனக்கு ஆகாது.

தாளை வாங்கிப் பார்த்தார். மசோதாவை முழுதாகப் படித்ததில்லை, அனுப்பியதை அச்செடுத்து வந்ததாகச் சொன்னார். "நீங்களே திருத்தி ஒரு பிரதி கொடுங்களேன் சார், நான் கேட்டுப் பார்க்கிறேன்." சரி என்று அங்கேயே, தயிர்சாதத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு பத்தியைக் குறுக்கே அடித்து ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கொஞ்சம் ஊறுகாய் எண்ணெய் பட்டுவிட்டது. பரவாயில்லை என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு வாரம் ஆகிறது. போன ஞாயிறு தூரத்தில் பார்த்தேன். அட்டை கையில் இருந்தது. என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் வேறு யாரிடமோ பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.